கோடைல ஓட வேகமான மாரத்தான்: குன்னூர்ல இருந்து தேடிப் பாத்ததுல தெரிஞ்சது

ஏப்ரல் வந்துட்டா போதும், எங்க குன்னூர் ரன்னிங் குரூப்ல யாராச்சும் ஒருத்தர் கேட்டுருவாங்க, "அண்ணா, மே ஜூன் ஜூலைல நல்லா டைம் வர்ற மாதிரி ஃபுல் மாரத்தான் (42.2 கிலோமீட்டர்) எங்கயாவது இருக்கா?"ன்னு. இதே கேள்விய நானும் பல வருஷமா கேட்டு, தேடி, ரிசல்ட்டெல்லாம் நோண்டிப் பாத்து, கடைசில போய் ஓடியும் வந்தாச்சு. அதனால தெரிஞ்சத மொத்தமா ஒரே எடத்துல எழுதி வெச்சுடறேன், அடுத்து கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிக்கலாம்.

கேள்வில ஞாயம் இருக்கு. நம்ம நாட்டுல மாரத்தான் சீசன்னா அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான், மும்பையும் சென்னையும் ஜனவரில. ஆனா மலைல சுற்றுலாவ நம்பி இருக்கறவங்களுக்கு பூஜா லீவு, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாமே கூட்டம், கடைய விட்டு நகரவே முடியாது. எங்க குரூப்ல ஒரு அக்கா இருக்காங்க, ஹோம் மேட் சாக்லேட் கடை வெச்சிருக்காங்க, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் மலர் கண்காட்சி பழக் கண்காட்சின்னு மூச்சு விட நேரம் இருக்காது, ஜூன் பாதில ஸ்கூல் தொறந்து மழையும் ஆரம்பிச்சா தான் அவங்களுக்கு ஃப்ரீ. அவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அமெரிக்காவோட பாஸ்டன் மாரத்தான். டைம வெச்சு அதுல எடம் கேக்கணும்னா, முன்னாடியே வேற ஒரு மாரத்தான வயசுக்கேத்த தகுதி நேரத்துக்குள்ள முடிச்சிருக்கணும். அவங்க வயசுக்கு, அதாவது 45ல இருந்து 49 வரைக்கும் உள்ள பெண்களுக்கு, 3:45, அதாவது மூணே முக்கால் மணி நேரத்துக்குள்ள ஓடணும். ரெஜிஸ்ட்ரேஷன் செப்டம்பர்ல. அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு நல்ல ரேஸ் கிடைக்கணும்னா ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல தான் தேடணும்.

நேரா சொல்லிடறேன், ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இந்தியாவுக்குள்ள பிபி (பர்சனல் பெஸ்ட், நம்மளோட வேகமான டைம்) அடிக்கற மாதிரி ஒரு ஃபுல் மாரத்தான நான் நம்பி யாருக்கும் சொல்ல மாட்டேன். பெங்களூரு 10கே நல்ல ரேஸ் தான், ஆனா பத்து கிலோமீட்டர். ஹைதராபாத் ஆகஸ்ட் கடைசில வருது, அருமையா நடத்தறாங்க, ஜனங்க ரோட்டுல நின்னு கை தட்றது அவ்ளோ சந்தோஷமா இருக்கும், ஆனா ஃப்ளைஓவர் மேல ஃப்ளைஓவர், ஈரக் காத்து வேற. லடாக் செப்டம்பர்ல, லே 3500 மீட்டர் ஒசரம், அங்க போய் டைம் பத்தி பேசவே கூடாது. ஆக வெளிநாடு தான். ஆனா எந்த நாடு, எந்த ரேஸ்னு முடிவு பண்றதுக்கு ஒரு வழி இருக்கு, அதச் சொல்லத்தான் இவ்ளோ எழுதறேன்.

ஃபாஸ்ட் மாரத்தான்னு லிஸ்ட் போடறவங்க பெரும்பாலும் ஜெயிச்சவங்க டைம வெச்சுத்தான் போடறாங்க. ஜெயிக்கறவரு ரெண்டு மணி அஞ்சு ஆறு நிமிஷத்துல முடிச்சுட்டு மெடல் வாங்கிட்டு போயிடுவாரு. நாம அப்போ பாதி தூரத்த தாண்டி கொஞ்சம் தான் வந்திருப்போம். அவரு ஓடின காலை வேற, நாம ஓடற காலை வேற, ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணா அவரு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போயாச்சு, நாம ஒம்பது ஒம்பதரை பத்து மணி வெயில்ல கடைசி பத்து கிலோமீட்டர ஓடிட்டு இருப்போம். அதனால ஒரு ரேஸ் நமக்கு ஃபாஸ்ட்டான்னு தெரியணும்னா நம்மள மாதிரி ஆளுங்களோட ரெண்டாவது பாதிய பாக்கணும்.

இத எப்படி பாக்கறதுன்னா, ரிசல்ட் பக்கம் எல்லா பெரிய ரேஸுக்கும் திறந்துதான் இருக்கு. உங்க டார்கெட் டைம ஒட்டி முடிச்சவங்க ஒரு அம்பது பேர எடுங்க. ஒவ்வொருத்தரும் 21.1 கிலோமீட்டர எவ்ளோ நேரத்துல தாண்டினாங்க, மிச்சத்துக்கு எவ்ளோ ஆச்சுன்னு கழிச்சுப் பாருங்க. அக்காவும் நானும் ஒரு மழை நாள் சாயங்காலம் டீக்கடைல உக்காந்து இத பண்ணோம், அவங்க கடையோட பழைய கணக்கு நோட்ட எடுத்துட்டு வந்து கடைசி பக்கத்துல இருந்து திருப்பி கோடு போட்டு, இடது பக்கம் முதல் பாதி, வலது பக்கம் ரெண்டாவது பாதின்னு எழுத, நான் போன்ல பாத்து படிச்சேன், நோட்டு மேல எல்லாம் வர்க்கி தூள். ஒரு ரேஸ்ல 3:45 முடிச்சவங்க நெறைய பேரு 1:50க்கு பாதி தாண்டி 1:55ல மீதிய முடிச்சிருந்தாங்க. இன்னொரு ரேஸ்ல அதே 3:45, ஆனா 1:42க்கு பாதி, மீதிக்கு 2:03. அக்கா பேனாவ வெச்சுட்டு சொன்னாங்க, "தம்பி, இந்த ரெண்டாவது ரேஸுக்கு வந்தவங்க எல்லாம் 3:30 ஓடற ஆளுங்கப்பா, பாவம், நடந்துல்ல முடிச்சிருக்காங்க." அவ்ளோதான் விஷயம். ரேஸ் விளம்பரத்துல ஃப்ளாட் அண்ட் ஃபாஸ்ட்னு போட்டுருக்கும், ஃபோட்டோல கடல் தெரியும், ஆனா அம்பது பேரோட கால் பொய் சொல்லாது.

ஒரு வருஷத்தோட ரிசல்ட் மட்டும் பாத்தா போதாது, மூணு நாலு வருஷம் பாக்கணும். ஒரு வருஷம் காத்து நல்லா இருந்திருக்கும், ஒரு வருஷம் வெயில் அடிச்சிருக்கும். எல்லா வருஷமும் வித்தியாசம் அஞ்சாறு நிமிஷத்துக்குள்ள நின்னா அந்த ரேஸ நம்பலாம். ஒரு வருஷம் அஞ்சு, அடுத்த வருஷம் இருபதுன்னு குதிச்சா அது லாட்டரி, லட்சக்கணக்குல செலவு பண்ணி லாட்டரி வாங்கணுமான்னு யோசிச்சுக்கோங்க.

அடுத்தது வெயில். வெயிலுங்கறத விட ஈரம். நம்மாளுங்க எல்லாரும் டெம்பரேச்சர் மட்டும் பாக்கறாங்க, நான் டியூ பாயின்ட்ட தான் முதல்ல பாப்பேன். காத்துல எவ்ளோ ஈரம் இருக்குன்னு சொல்ற எண் அது, எல்லா வெதர் ஆப்லயும் கீழ ஒரு மூலைல இருக்கும். வேர்வை வர்றதால ஒடம்பு குளிராது, வேர்வை காஞ்சாத்தான் குளிரும், காத்துல ஏற்கனவே ஈரம் நெறஞ்சு இருந்தா அது காயாம சொட்டிட்டே இருக்கும், உள்ள சூடு ஏறிட்டே போகும், இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பணும் காலுக்கும் அனுப்பணும், ரெண்டுக்கும் பத்தாம கால் வேகம் கொறையும். என் அனுபவத்துல டியூ பாயின்ட் 10க்கு கீழ இருந்தா தைரியமா டைமுக்கு ஓடலாம், 15 தாண்டினா டார்கெட்ட கொஞ்சம் தளத்திக்கணும், 20க்கு மேல போனா அன்னைக்கு முடிச்சா போதும்னு ஓடணும். சென்னைல மே மாச விடிகாலைல கூட இது 25 கிட்ட நிக்கும். ஹைதராபாத்ல ஆகஸ்ட்ல காலைல 22, 23 டிகிரின்னு பாக்க நல்லா இருக்கும், டியூ பாயின்ட்டும் கிட்டத்தட்ட அதே எடத்துல இருக்கும்.

உலகத்துலயே பெரிய ஆளுங்களுக்கே இது என்ன பண்ணுதுன்னு பாருங்க. 2019ல தோஹால உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தான், வெயிலுக்கு பயந்து நடு ராத்திரில ஸ்டார்ட் வெச்சாங்க, அப்பவும் 30 டிகிரிக்கு மேல, கிளம்பின 68 பேர்ல 40 பேர் தான் முடிச்சாங்க. 2021 ஆகஸ்ட்ல டோக்கியோ ஒலிம்பிக்ல மாரத்தான தூக்கி வடக்க சப்போரோல வெச்சாங்க, அங்கயும் சூடு தாங்காதுன்னு பெண்கள் ரேஸ முந்தின நாள் ராத்திரி அறிவிச்சு ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. அதே ஆகஸ்ட்ல நல்ல ஓட்டமும் வந்திருக்கு, நம்ம ஓ.பி. ஜெய்ஷா 2:34:43ங்கற தேசிய சாதனைய ஓடினது 2015 ஆகஸ்ட்ல, பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்ல. அத நெனச்சா எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியும். ஆனா அவங்க ரெண்டரை மணி நேரத்துல முடிச்சுட்டாங்க, நாலு மணி நேரம் ஓடற நாம அதே வெயில்ல இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட நிக்கணும்.

மலைக்காரங்களுக்கு இதுல தனி கஷ்டம் இருக்கு. நம்ம ஊர்ல மே மாச மத்தியானமே 24, 25 டிகிரி தான், ஒடம்பு அதுக்குத்தான் பழகிருக்கு. கோயம்புத்தூர்ல இருக்கறவருக்கு 26 டிகிரி சாதாரணம், நமக்கு அது காச்சல் மாதிரி. வெயிலுக்கு ஒடம்பு பழக பத்துல இருந்து பதினாலு நாள் தேவைப்படும், அத மேல உக்காந்துட்டு பண்ண முடியாது.

இப்போ எந்த ரேஸ்னு வரலாம். ரெண்டே திசை தான். ஒண்ணு நமக்கு கோடையா இருக்கறப்போ குளிர்காலமா இருக்கற தெற்கு, இல்லன்னா கோடைலயும் சூடு ஏறாத ரொம்ப வடக்கு.

தெற்குல எங்க நோட்டுல முதல் எடம் பிடிச்சது ஆஸ்திரேலியால கோல்ட் கோஸ்ட். ஜூலை முதல் வாரத்துல வரும், 1979ல இருந்து நடக்குது, கடலோரமாவே ரோடு, மேடுன்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்ல. 2019ல ஜப்பான்காரர் யூதா ஷிதாரா 2:07:50 ஓடினது அங்கதான், ஆனா எங்களுக்கு பிடிச்சது அது இல்ல, 3:45 ஆளுங்களோட ரெண்டு பாதியும் வருஷா வருஷம் கிட்டக் கிட்ட நின்னதுதான். காலைல 10, 12 டிகிரி, பகல்ல 20, 21. குன்னூர்ல டிசம்பர் காலைல வெளிய வந்தா எப்படி இருக்குமோ அப்படி, அக்கா ஸ்டார்ட்ல நின்னுட்டு "ஊருக்கு வந்த மாதிரியே இருக்குடா தம்பி"ன்னு கைய தேச்சுட்டே சொன்னாங்க. நாங்க ஓடினப்போ சவுத்போர்ட்ல கிளம்பி தெற்க பர்லி ஹெட்ஸ் வரைக்கும் போய் திரும்பி, ஸ்டார்ட் பக்கத்த தாண்டி வடக்க ரன்அவே பே போய் மறுபடி திரும்பணும். அந்த வடக்கு பக்கம் தான் மனசுக்கு சோதனை, ஏன்னா ஃபினிஷ் லைன் பக்கத்துலயே சத்தம் கேட்டுட்டே தாண்டிப் போகணும். அதுக்கு முன்னாடியே மனச தயார் பண்ணிக்கோங்க.

அங்க ஒரு விஷயத்துல கவனமா இருங்க, நேரம். கோல்ட் கோஸ்ட் நமக்கு நாலரை மணி நேரம் முன்னாடி. அங்க காலை ஆறுன்னா நம்ம ஒடம்புக்கு ராத்திரி ஒண்ணரை. ரேஸுக்கு முந்தின நாள் போய் இறங்கினா தூக்கத்துல தான் ஓடணும். நாங்க போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வீட்லயே சீக்கிரம் படுத்து ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு பழகினோம், சீசன் முடிஞ்ச நேரம்ங்கறதால அக்காவுக்கும் முடிஞ்சது, அதுக்கு மேல அங்க போய் அஞ்சு நாள் இருந்தோம். இன்னொண்ணு, சாப்பாட்டு பொருள் எதக் கொண்டு போனாலும் ஏர்போர்ட்ல கார்டுல எழுதிக் குடுத்துருங்க, அந்த நாட்டுல அதுல ரொம்ப கண்டிப்பு. அக்காவோட கடலை மிட்டாய் பாக்கெட்ட ஆபீசர் திருப்பித் திருப்பி பாத்துட்டு கவர் சீல் உடையாம இருக்குன்னு விட்டுட்டாங்க. வீட்ல பண்ணினது, கவர் இல்லாதது எல்லாம் எடுத்துட்டு போகாதீங்க.

அக்கா 3:41:10. அவங்க வாழ்க்கைலயே வேகமான மாரத்தான், ஃபினிஷ்ல அழுதுட்டாங்க, நானும் தான். 3:45க்கு கிட்டத்தட்ட நாலு நிமிஷம் கம்மி. ஆனா பாஸ்டன்ல தகுதி நேரம் இருந்தா மட்டும் எடம் கிடைச்சுடாது, விண்ணப்பிச்சவங்கள்ல வேகமானவங்கள முதல்ல எடுத்துட்டு எடம் தீர்ற எடத்துல கோடு போடுவாங்க. 2026 ரேஸுக்கு அந்தக் கோடு 4 நிமிஷம் 34 வினாடில விழுந்துச்சு. அக்காவுக்கு 44 வினாடி பத்தல. செப்டம்பர்ல அந்த மெயில் வந்தப்போ கடைய சாத்திட்டு ஒரு நடை சிம்ஸ் பார்க் பக்கம் போயிட்டு வந்தாங்க, மறுநாள் காலைல வழக்கம் போல ஓட வந்துட்டாங்க. அதனால டார்கெட் வெக்கறவங்க தகுதி நேரத்துல இருந்து அஞ்சாறு நிமிஷமாவது கீழ வெச்சுக்கிட்டு ரேஸ தேடுங்க.

ஆஸ்திரேலியாவுலயே சிட்னி இருக்கு, ஆகஸ்ட் கடைசில, 2025ல இருந்து உலக மேஜர்ஸ்ங்கற பெரிய மாரத்தான்கள் வரிசைல சேத்துட்டாங்க. ஹார்பர் பாலத்த தாண்டி ஆபெரா ஹவுஸ்ல முடியும், அழகுக்கு கேக்கவே வேண்டாம். ஆனா ஏத்தம் இறக்கம் இருக்கு, டைமுக்குன்னா என் ஓட்டு கோல்ட் கோஸ்டுக்குத்தான். தென்னாப்பிரிக்கா கேப் டவுன் பத்தியும் கேப்பாங்க, 2025 அக்டோபர்ல காத்து பலமா அடிச்சு ரேஸ் அன்னைக்கு காலைல தான் ரத்து பண்ணாங்க, கடல் பக்கம் காத்துங்கறது விளையாட்டு இல்ல. எந்த ரேஸுன்னாலும் ரத்தானா பணம் திரும்ப வருமா, அடுத்த வருஷத்துக்கு மாத்திக் குடுப்பாங்களான்னு ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடியே படிச்சுடுங்க.

வடக்கு பக்கம் அமெரிக்கால கிராண்ட்மாஸ் மாரத்தான், மினசோட்டா மாநிலத்துல, ஜூன் மாசம் மூணாவது வாரம் போல. டூ ஹார்பர்ஸ்ங்கற ஊர்ல கிளம்பி டுலூத் வரைக்கும் சுப்பீரியர் ஏரிக் கரைலயே வரணும். அந்த ஏரித் தண்ணி கோடைலயும் சில்லுனு இருக்கறதால காத்து ஏரில இருந்து அடிச்சா கரை குளுகுளுன்னு இருக்கும், நெலத்துல இருந்து அடிச்சா சூடு. 1981ல டிக் பியர்ட்ஸ்லி அங்க ஓடின 2:09:37 ரெக்கார்ட 2014 வரைக்கும் யாரும் உடைக்கல. நல்ல ரேஸ், ஆனா நமக்கு அமெரிக்க விசா இன்டர்வியூ தேதி கிடைக்கறது தான் முதல் மாரத்தான், ஏற்கனவே விசா இருக்கறவங்க, புள்ளைங்க அங்க இருக்கறவங்களுக்கு இத தாராளமா சொல்வேன். ஐரோப்பால எடின்பரோ மே கடைசில, ஊர்ல இருந்து கடலுக்கு இறங்கற பாதை, கடல் காத்துக்கு தயாரா இருக்கணும். நார்வேல டிராம்சோ ஜூன்ல, சூரியனே மறையாத ராத்திரில ஓடறது, குளிருக்கு பஞ்சமில்ல, ஒசரமான பாலத்த ரெண்டு தடவ ஏறணும். ஐஸ்லாந்துல ரெய்க்யவிக் ஆகஸ்ட்ல. இதெல்லாம் ஊர் பாக்கறதுக்கும் சேத்து போறவங்களுக்கு.

இறக்க மாரத்தான் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம பசங்க இத பாத்ததும் துள்ளுவாங்க. அமெரிக்கால மலை மேல இருந்து கீழ இறங்கற ரேஸ் நெறைய இருக்கு, டைம் பிரமாதமா வரும். நமக்கு இறக்கம் பழக்கம் தான், சின்ன வயசுல இருந்து எஸ்டேட் குறுக்கு பாதைல இறங்கின கால். சமவெளில இருந்து வர்றவங்களுக்கு முப்பது கிலோமீட்டர் இறங்கினா தொடை கல்லு மாதிரி ஆயிடும், ஒவ்வொரு அடியும் பிரேக் போட்டுட்டே இறங்கறதால தொடைச் சதை நீளும்போதே இழுத்துப் பிடிக்குது, அது தான் அந்த வலி. நமக்கு அது கொஞ்சம் கம்மி. ஆனா பாஸ்டனுக்காக ஓடறவங்க கவனிங்க, 2027 ரேஸ்ல இருந்து ரூல் மாறிடுச்சு. மொத்த இறக்கம் 1500 அடில இருந்து 3000 அடிக்குள்ள இருந்தா உங்க டைமோட 5 நிமிஷம் சேத்துடுவாங்க, 3000க்கு மேல 10 நிமிஷம், 6000 அடிய தொட்டா செல்லவே செல்லாது. புரியணும்னா நம்ம குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறதே சுமார் 5000 அடி. உலக ரெக்கார்டுக்கு இன்னும் கண்டிப்பு, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது மொத்தமா 42 மீட்டர் தான் இறங்கலாம், ஸ்டார்ட்டுக்கும் ஃபினிஷுக்கும் நேர் தூரம் ரேஸ் தூரத்துல பாதிய தாண்டக் கூடாது. 2011ல ஜெஃப்ரி முத்தாய் பாஸ்டன்ல 2:03:02 ஓடியும் உலக சாதனைன்னு எழுத முடியாமப் போனது இதனால தான்.

அதோட பாதைய சரியா அளந்துருக்காங்களான்னு பாருங்க. முறையா அளக்கறவங்க சைக்கிள் சக்கரத்துல ஒரு கவுண்ட்டர் மாட்டி, ரோட்டுல இருக்கறதுலயே தூரம் கம்மியான கோட்டுல ஓட்டி அளப்பாங்க, கொறைஞ்சுடக் கூடாதுன்னு ஆயிரத்துக்கு ஒண்ணு கூட்டி வெப்பாங்க. அந்த சான்றிதழ் இல்லாத ரேஸ்ல வந்த டைம் பாஸ்டனுக்கு ஆகாது. வாட்ச்ல 42.6 காட்டுதுன்னு சண்டைக்கு போகாதீங்க, நாம வளைவுல அகலமா ஓடறதால வர்ற தூரம் அது.

சரி, இதுக்கு நீலகிரில உக்காந்துட்டு எப்படி தயார் ஆகறது? ஜூலை ரேஸுன்னா முக்கியமான லாங் ரன் எல்லாம் ஏப்ரல் மே ஜூன்ல விழும், அதாவது சரியா டூரிஸ்ட் சீசன்ல. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்த அப்புறமும் சனி ஞாயிறு ஏழு மணிக்கு மேல ரோட்டுல கால் வெக்க முடியல. சரி இருட்டுல ஓடிடலாம்னா காட்டு மாடு. லேம்ப்ஸ் ராக் ரோட்டுல ஒரு வளைவு திரும்பினதும் டீச்செடிக்கு நடுவுல கருப்பா, முழங்காலுக்கு கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, தலைய கூட தூக்காம நிக்கும், நாம தான் மெதுவா பின்னால போகணும். கோத்தகிரி பக்கம் கரடி. அதனால எங்க குரூப்ல ஒரே சட்டம், நல்லா வெளுக்காம யாரும் எஸ்டேட் ரோட்டுல இறங்கக் கூடாது, தனியா போகவே கூடாது. வெளுத்ததுல இருந்து வண்டி வர்றதுக்குள்ள கெடைக்கற ஒன்றரை ரெண்டு மணி நேரம் தான் நம்ம நேரம்.

அந்த நேரத்துல வாச்சுல பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தன நிமிஷம்ங்கற கணக்கு) பாத்து மனசு ஒடைஞ்சுடாதீங்க. ஊட்டி 2240 மீட்டர், காத்தழுத்தம் கடல் மட்டத்த விட சுமார் கால்வாசி கம்மி, குன்னூர்ல அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஆக்சிஜன் சதவீதம் மாறாது, ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள வர்ற காத்தே கம்மி. இங்க 6:10 பேஸ்ல நான் படற பாட்டுக்கு கீழ 5:45, 5:50 போயிடும். அதனால மேல மூச்ச வெச்சு ஓடுங்க, பேஸ வெச்சு ஓடாதீங்க. ஆனா மேலயே ஓடிட்டு இருந்தா கால் வேகத்த மறந்துடும், இதுக்கு ஒரு வழி 1997லயே லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்க, மேல தங்கு, கீழ ஓடு. அவங்க ஆளுங்க 2500 மீட்டர்ல தங்கி 1250 மீட்டர்ல இறங்கி பயிற்சி பண்ணாங்க, நாலு வாரத்துல 5000 மீட்டர் டைம் முன்னேறிச்சு. அவங்க ரெண்டு ஊருக்கு நடுவுல வண்டில போய் வந்தத நாம ஒரு பஸ் டிக்கெட்டுல பண்ணலாம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் தான்.

நாங்க வாரத்துக்கு ஒரு நாள் முதல் பஸ்ல இறங்கி சிறுமுகை ரோட்டுல மாரத்தான் பேஸ் ஓடுவோம். மேல ஃப்ளாட்டா ஒரு கிலோமீட்டர் கெடைக்கறதே கஷ்டம், ரயில் பாதையே கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் 12க்கு 1 ஏத்தம், குன்னூர்-ஊட்டி கூட 25க்கு 1, அப்போ ரோடு எப்படி இருக்கும். கீழ போனா ரெண்டு வேலை நடக்கும், வேகமும் பழகும், சூடும் பழகும். மே மாசம் எட்டு மணிக்கெல்லாம் கொளுத்தும், அதனால முதல் ரெண்டு மூணு வாரம் தூரத்த பாதியா வெச்சுக்கிட்டு, தலை சுத்தல், வேர்வை நிக்கறது, குளிர் எடுக்கறதுன்னு ஏதாச்சும் ஒண்ணு வந்தா அந்த நிமிஷமே நின்னு நிழலுக்கு போயிடணும், இதுல வீராப்பு காட்டவே கூடாது. சீசன்ல மேல வர்ற வண்டிக்கு பர்லியார் வழி, கீழ போறதுக்கு கோத்தகிரி வழின்னு ஒரு வழி ஆக்கிடுவாங்க, கார்ல போறவங்க அந்த சுத்து நேரத்தையும் சேத்துக்கோங்க. ஊட்டில இருக்கறவங்க வேகப் பயிற்சிக்கு எச்.ஏ.டி.பி. மைதானத்த பயன்படுத்திக்கலாம்.

பணம் இல்லாதவங்க என்ன பண்றதுன்னு எங்க குரூப்ல ஒரு தம்பி நேராவே கேட்டான், டீ ஃபாக்டரில வேலை, ஆஸ்திரேலியா டிக்கெட் விலைய கேட்டதும் சிரிச்சான். அவன்கிட்ட சொன்னது இது தான்: ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல சமவெளில யாருக்கும் இல்லாத குளிர் நம்ம வீட்டு வாசல்ல இருக்கு, அவலாஞ்சி, கூடலூர் பக்கம் தென்மேற்கு மழை கொட்டறப்போ குன்னூர் கோத்தகிரில தூறல் தான், பெரிய மழை நமக்கு அக்டோபர்ல தான் வரும். சென்னைலயும் மும்பைலயும் ஓடறவங்க புழுக்கத்துல திணறிட்டு இருக்கறப்போ நீ முழு பயிற்சி பண்ணு, ஜனவரில ஃபுல் ஓடு, ஃபாக்டரில அந்த ஒரு வாரத்துக்கு இப்பவே லீவ் சொல்லி வெய். போன ஜனவரில அவன் பேசர் பஸ்ஸ, அதாவது குறிச்ச நேரத்துல முடிக்க வழிகாட்டி ஓடறவரு பின்னாடி போற கூட்டத்த, விட்டுட்டு முன்னாடி போய் முடிச்சான், அவன் சந்தோஷத்த பாக்கணுமே.

அக்கா மறுபடி ஜூலைக்கு போட்டுட்டாங்க. சிட்னியும் சேத்து போட்டுக்கலாமா, ஆகஸ்ட் கடைசில ஓடினா செப்டம்பருக்கு இன்னொரு வாய்ப்பாச்சேன்னு கேட்டாங்க, ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு ஃபுல், அதுல ஒண்ணு மேடு, வேண்டாங்க்கான்னு சொல்லிட்டேன். அதனால இந்த வருஷமும் ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையம் இறங்கறோம். சேந்து வரணும்னா முதல் பஸ்ஸுக்கு குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இருங்க, தண்ணி பாட்டில் ரெண்டு, கொஞ்சம் உப்பு, மாத்து டி-ஷர்ட், திரும்பி வர்றப்போ மேல குளிரும், ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கோங்க.